குழந்தையின் அச்சம் தீரப் பெற்றோர் ஆற்ற வேண்டிய பங்கு

திண்டிவனம், வந்தவாசி, செஞ்சி வட்டங்களிலிருந்து வேலையின் பொருட்டு வந்து அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் குடியேறிய குடும்பங்கள் நம்மிடையே பல உள்ளன. சொந்த ஊரில் ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி, பெரியம்மா, அத்தை எனப் பலர் இருந்தனர். இங்கோ தந்தைக்கு ஷிப்டு வேலை. தாய்க்கு வீட்டுச் சுமையோடு அலுவலகச் சுமையும் உண்டு. இந்நிலையில் குழந்தையிடம் அளவுக்கு மீறிய அச்சமோ முரட்டுத்தனமோ தோன்றினால், செய்வது இன்னதென்று அறியாமல் பெற்றோர் திகைக்கின்றனர். அவர்களுக்குப் பயன்படும் சில செய்திகளை இக்கட்டுரையில் காண்போம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், பள்ளி வேன் வரும் நேரத்தில் வயிற்றுவலி என்று அழுகிறான். மருத்துவர் சோதித்துப் பார்த்து, உடலில் நோய் ஏதுமில்லை என்கிறார். தந்தை அடித்து அனுப்ப முயல்கிறார். தாய் மனமிரங்கி வீட்டில் இருக்கச் சொல்கிறார். பாட்டியோ கண்ணேறு கழிக்கிறார். வேன் சென்றதும் வலி நின்றுவிடுகிறது. மறுநாள் அழுகை இன்னும் முன்னதாகவே தொடங்குகிறது.

இச்சிறுவன் நடிக்கவில்லை. அச்சத்தால் வரும் வயிற்றுவலியும் உண்மையான வலியே. ஆனால் அஞ்சிய இடத்திலிருந்து விலகும்போதெல்லாம் ஒரு நிம்மதி கிடைக்கிறது. அந்நிம்மதியே அச்சத்திற்கு உரமாகிறது. “நான் போகாததால்தான் தப்பினேன்” என்று மனம் கற்றுக்கொள்கிறது. தாயின் இரக்கம் அன்பினால் விளைந்ததே. எனினும் அது அச்சத்திற்குத் துணையாகிவிடுகிறது. தந்தையின் அடியோ அச்சத்தின் மேல் மற்றோர் அச்சத்தை ஏற்றுகிறது.

முரட்டுத்தனமும் இவ்வாறே வளர்கிறது. கடைவீதியில் குழந்தை கூச்சலிடுகிறது. வெட்கப்பட்டுக் கேட்டதை வாங்கிக் கொடுக்கிறோம். கத்தினால் கிடைக்கும் என்று குழந்தையும், கொடுத்தால் அடங்கும் என்று நாமும் ஒரே நேரத்தில் பாடம் கற்கிறோம். அமெரிக்க உளவியலறிஞர் ஜெரால்டு பேட்டர்சன் இச்சுழலை நெடுங்காலம் ஆராய்ந்து, பெற்றோருக்குப் பயிற்சி அளிப்பதே இதற்குரிய மருந்து என்று காட்டினார்.

ஆகவே, குழந்தையை மட்டும் மருத்துவரிடம் உள்ளே அனுப்பிவிட்டு நாம் வெளியே பெஞ்சில் அமர்ந்திருப்பது சிகிச்சையில் பாதியே ஆகும். வாரத்தில் ஒரு மணி நேரம் மருத்துவரோடு இருக்கும் குழந்தை, மற்ற நேரமெல்லாம் நம்மோடுதான் இருக்கிறது.

குடும்பத்தைச் சிகிச்சையில் சேர்த்துக்கொள்வது நம் நாட்டிற்குப் புதிதன்று. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளியின் உறவினர்களை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கச் செய்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்திலும், உறவினர் ஒருவர் நோயாளியுடன் தங்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. அங்குள்ள குழந்தைகள் பிரிவாகிய நம்பிக்கை நிலையத்தில், பெற்றோர் பயிற்சி பெற்றுத் தம் குழந்தைக்குத் தாமே துணைச் சிகிச்சையாளர் ஆகின்றனர்.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலி லெபோவிட்ஸ் குழுவினரின் ஆய்வொன்று 2020இல் அச்சில் வெளிவந்தது. பதற்றக் கோளாறு உள்ள 7 முதல் 14 வயது வரையிலான 124 குழந்தைகள் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவில் குழந்தைகளுக்கு நேரடிச் சிகிச்சை. மற்றொரு பிரிவில் பெற்றோருக்கு மட்டும் 12 வாரப் பயிற்சி. இரண்டாம் பிரிவின் குழந்தைகள் சிகிச்சையாளரிடம் செல்லாமலே, முதற்பிரிவினருக்கு இணையான நலம் பெற்றனர்.

பெற்றோர் கற்க வேண்டியவை யாவை?

முதலாவது, சொல். “இதற்குப் போய்ப் பயப்படுவதா?” என்று இகழ்தலும் வேண்டா; “ஐயோ, பாவம்” என்று உருகுதலும் வேண்டா. “உனக்குப் பயமாக இருப்பது எங்களுக்குத் தெரிகிறது, அதைத் தாங்கவும் உன்னால் முடியும்” என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும்.

இரண்டாவது, படிப்படியான மாற்றம். முதல் வாரம் பள்ளி வாயில் வரை, அடுத்து ஒரு பாடவேளை, பின்னர் அரைநாள் என உயர்த்தலாம். எதை மாற்றப் போகிறோம் என்பதை முன்னதாகவே குழந்தைக்கு அமைதியாகச் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, நற்செயலைக் கண்டு பாராட்டுதல். தவறைக் கண்டவுடன் பேசும் நாம், நல்லதைக் கண்டு வாளாவிருக்கிறோம். விதிகள் சிலவாக இருக்கட்டும். இருப்பவை நாள்தோறும் மாறாமல் இருக்கட்டும்.

நான்காவது, ஒரே குரல். தாயும் தந்தையும் பாட்டியும் மூன்று வழியில் இழுத்தால் குழந்தை எவ்வழி செல்லும்? இரவு ஷிப்டு முடிந்து வரும் தந்தையும் மருத்துவரைக் காண ஒரு நாளாவது உடன் செல்லல் வேண்டும்.

மாற்றம் தொடங்கிய நாட்களில் அழுகை சற்று மிகும். அது கண்டு பின்வாங்குதல் கூடாது. எனினும் ஓர் எச்சரிக்கை: பள்ளியில் அடி, கேலி, தகாத தொடுதல், படிப்பில் கற்றல் குறைபாடு ஆகியவை உள்ளனவா என்று முதலில் விசாரித்தறிய வேண்டும். அச்சத்திற்கு உண்மையான காரணம் இருப்பின், மாற்ற வேண்டியது அக்காரணமே. சாவைப் பற்றிப் பேசும் குழந்தையை ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

நம் பகுதியினர் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தையும் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையையும் அணுகலாம். மைய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையில், 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

இவையெல்லாம் பெற்றோரே குற்றவாளிகள் என்று கூறுவதற்காக எழுதப்பட்டவை அல்ல. இயல்பிலேயே அஞ்சும் குழந்தைகள் உண்டு. நோய் நம்மால் வந்ததன்று. ஆயினும் அது நீங்குவதில் நமக்குப் பெரும்பங்கு உண்டு. “இவனைச் சரிசெய்து கொடுங்கள்” என்று மருத்துவரைக் கேட்பதை விட்டு, “நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்போமாக. குழந்தையின் நலம் அக்கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.