ராகிக்களி தின்னா இளைக்குமா?

எங்க அம்முச்சிக்குச் சர்க்கரை நோய். "சோத்தை உட்டுட்டுக் களி தின்னா உடம்பு இளைக்கும்"னு ஊரே சொல்லுது. அம்முச்சியும் வேளைக்கு ரெண்டு உருண்டை சாப்பிடுறாங்க. கணக்குப் பார்ப்போமா?

100 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். ராகியில் 67, கம்பில் 62. அவ்வளவுதான் வித்தியாசம்! ராகியில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் அதிகம், அது நிஜம். ஆனால் உருண்டை ரெண்டானால் பலன் போச்சு. அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றினால் மட்டும் போதாது, மொத்த மாவுச்சத்து குறையணும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2025 ஆய்வும் சொல்கிறது. நம் நாட்டில் சாப்பாட்டு ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்துதான் வருகிறதாம்.

"கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பார்கள். கொள்ளிலும் மாவுச்சத்து 57 கிராம் இருக்குங்க! ஆனால் புரதம் 22 கிராம். அதனால் கொள்ளுப்பருப்பு கொஞ்சம் ஊத்தினாலே வயிறு நிறையும். முட்டையில் மாவுச்சத்து 1 கிராம்கூட இல்லை. கீரை, சுரைக்காய், புடலங்காய், மோர் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். நிலக்கடலை ஒரு கைப்பிடி போதும்.

சர்க்கரை மாத்திரை போடுறவங்க சாப்பாட்டைத் திடீர்னு குறைத்தால் மயக்கம் வரலாம், டாக்டரைக் கேட்கணும். நம்ம வகுப்பில் இளைக்கணும்னு மதியச் சாப்பாட்டை விடும் தோழிகளே, சத்துணவு முட்டையை யாருக்கும் கொடுத்துடாதீங்க!