ஆய்வுக்குப் பணம் தருவது யார்?

அறிவியலாளர் என்பவர் தமக்குப் பிடித்த கேள்வியைத் தாமே தேர்ந்தெடுத்து, விடை கிடைக்கும் வரை ஆராய்பவர் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் நுண்ணோக்கிக்கு விலை உண்டு. வேதிப்பொருளுக்கு விலை உண்டு. உடன் உழைக்கும் ஆய்வு மாணவருக்கு மாதந்தோறும் உதவித்தொகை தர வேண்டும். இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? அது அறிவியலாளரின் வாழ்வையும் ஆய்வையும் எவ்வாறு மாற்றுகிறது? அமெரிக்காவில் நடந்த இரண்டு ஆய்வுகளைக் கொண்டு இதனைக் காண்போம்.

விண்ணப்பமும் தேர்வும்

இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், 1945-இல், வன்னெவர் புஷ் என்ற பொறியியலாளர் அமெரிக்கக் குடியரசுத் தலைவரிடம் ஓர் அறிக்கை அளித்தார். அடிப்படை ஆய்வுக்கு அரசு தொடர்ந்து பொருளுதவி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். 1950-இல் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிறுவப்பட்டது. மருத்துவ ஆய்வுக்கு, அதற்கு முன்பே தோன்றிய தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் நிதி வழங்குகின்றன.

'இன்னதை இன்ன முறையில் ஆராய்வேன். இவ்வளவு செலவாகும்' என்று அறிவியலாளர் ஒரு திட்டம் எழுதி அனுப்புகிறார். அதே துறையைச் சேர்ந்த வேறு அறிவியலாளர்கள் அதனைப் படித்துத் தரம் பிரிக்கிறார்கள். சிறந்தவை எனக் கருதப்பட்டவற்றுக்குச் சில ஆண்டுகளுக்கு மட்டும் நிதி கிடைக்கும். பிறகு மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். 2010-களில் நலவாழ்வு நிறுவனங்களுக்கு வந்த ஆய்வுத் திட்டங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கே நிதி கிடைத்தது. அந்நாட்டு மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் ஆய்வாளரின் சம்பளமும் பெரும்பாலும் இந்த நிதியை நம்பியே இருக்கிறது. நிதி நின்றால் வேலையும் ஆட்டம் காணும்.

வெந்நீர் ஊற்றில் ஒரு பாக்டீரியா

1960-களில் தாமஸ் பிராக் என்ற நுண்ணுயிரியலாளர், யெல்லோஸ்டோன் பூங்காவின் வெந்நீர் ஊற்றுகளில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று ஆராய்ந்தார். அறிவியல் அறக்கட்டளை அவருக்கு நிதி தந்தது. சுமார் 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நன்கு வளரும் ஒரு பாக்டீரியாவை அவரும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃபிரீஸும் பிரித்தெடுத்தனர். 1969-இல் 'தெர்மஸ் அக்வாடிகஸ்' என அதற்குப் பெயரிட்டனர்.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று அன்று கேட்டிருந்தால் விடை கூறுவது கடினம். 1983-இல் கேரி முல்லிஸ், டி.என்.ஏ.வைப் பல கோடி மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். முறையைக் கண்டார். இதில் ஒவ்வொரு சுற்றிலும் கலவையைக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வரை சூடாக்க வேண்டும். முதலில் பயன்படுத்திய நொதி அந்த வெப்பத்தில் கெட்டுவிட்டது. சுற்றுக்குச் சுற்று புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியாவின் நொதியோ வெப்பத்தைத் தாங்கி நின்றது. 2020-இல் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்த மாதிரியில் கொரோனா வைரஸைக் கண்டறிந்தது இந்த முறையின் வழிவந்த சோதனையே.

திரும்பி வந்த விண்ணப்பங்கள்

இனி இதற்கு மாறான ஒரு வரலாறு. ஹங்கேரி நாட்டின் செகெட் நகரில் ஆய்வு செய்து வந்த கேட்டலின் கரிகோவுக்கு 1985-இல் நிதி நின்றது. கணவருடனும் சிறு மகளுடனும் அமெரிக்கா சென்றார். 1989-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நம் செல்களில் புரதம் செய்வதற்கான கட்டளையைக் கொண்டு செல்வது தூது ஆர்.என்.ஏ. அதையே மருந்தாகப் பயன்படுத்தலாம் என்பது கரிகோவின் எண்ணம்.

விண்ணப்பம் மேல் விண்ணப்பம் எழுதினார், நிதி கிடைக்கவில்லை. தூது ஆர்.என்.ஏ. எளிதில் சிதைந்துவிடும்; உடலில் செலுத்தினால் அழற்சி உண்டாக்கும். எனவே மதிப்பீட்டாளர்களின் ஐயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1995-இல் அவர் பதவி இறக்கப்பட்டார். ஆனாலும் ஆய்வைக் கைவிடவில்லை. 1997-இல் ட்ரூ வைஸ்மன் என்ற நோய்த்தடுப்பியல் அறிஞரைச் சந்தித்தார். தூது ஆர்.என்.ஏ.வின் ஒரு கூறைச் சிறிது மாற்றினால் அழற்சி குறையும் என 2005-இல் இருவரும் காட்டினர். இந்த அடிப்படையில் அமைந்த கொரோனாத் தடுப்பூசிகள் 2020 இறுதியில் மக்களுக்குக் கிடைத்தன. 2023-இல் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நாம் அறிவது என்ன?

அரசு தருவது மக்களின் வரிப்பணம். அதைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுக்க இயலாது; தேர்வு வேண்டும். ஆனால் ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, வெற்றி உறுதி என்று தோன்றும் திட்டமே எளிதில் முன்னால் வந்துவிடுகிறது. இதை அறிந்த இளம் ஆய்வாளர், தம் மனத்தில் உள்ள கேள்வியை ஒதுக்கிவிட்டு, நிதி கிடைக்கக்கூடிய கேள்வியை எழுதத் தொடங்குகிறார். வீடும் குடும்பமும் உள்ள ஒருவரை இதற்காகக் குறைகூற முடியுமா?

கரிகோ விடாமல் நின்றதால் அவர் பெயரை நாம் அறிவோம். நடுவழியில் விட்டுச் சென்றவர்களின் கேள்விகளுக்குப் பதிவேடு கிடையாது. இக்குறையைச் சிறிதாவது போக்க, துணிச்சலான எண்ணம் கொண்டவர்களைத் தேர்ந்தெடுத்து நிதி தரும் ஒரு திட்டத்தை நலவாழ்வு நிறுவனங்கள் 2004-இல் தொடங்கின. நிதியின் பெரும்பகுதி இன்னும் பழைய முறையிலேயே செல்கிறது.

சிந்தித்து விடை காண்க

1. ஒரு திட்டத்துக்கு மட்டுமே கொடுக்கும் அளவுக்கு உங்களிடம் பணம் இருக்கிறது. ஒன்று மூன்றாண்டுகளில் சிறு பயனை உறுதியாகத் தரும். மற்றது தோற்கலாம், பெரும்பயனும் தரலாம். எதைத் தேர்வீர்கள்? ஏன்?

2. பயன் தெரியாத ஆய்வுக்கு வரிப்பணம் ஏன் என்று ஒருவர் கேட்டால், பிராக்கின் ஆய்வைக் கொண்டு என்ன விடை கூறுவீர்கள்?