சாணநீரும் நுண்பாசியும்

சாண எரிவாயுவில் மீதேன் நூற்றுக்கு 55 முதல் 65 பங்கே. மீதியில் பெரும்பாகம் எரியாத கரியமிலவாயு. சாணத்தொட்டியினின்று வழியும் கழிவுநீரோ குளத்தில் சேர்ந்தால் ஜலம் கெட்டு மீன்கள் மடியும். இவ்விரு குறைகளையும் குளோரெல்லா போன்ற நுண்பாசிகள் நீக்கவல்லன. கலிபோர்னியாவில் வில்லியம் ஆஸ்வால்டு என்னும் அறிஞர் 1950-களில் ஆழமற்ற பாசிக்குட்டைகளை ஆராய்ந்து இம்முறைக்கு வழிகாட்டினார்.

கழிவுநீரில் நல்ல ஜலம் கலந்து, சுமார் 1 அடி ஆழத் தொட்டியில் வெயில்படச் சுழலவிட வேண்டும். ஜலம் கலவாவிடில் அம்மோனியா மிகுந்து பாசி பட்டுப்போகும். பாசி, நீரிலுள்ள தழைச்சத்தையும் மணிச்சத்தையும் உண்டு வளரும்; அது வெளிவிடும் பிராணவாயுவைக்கொண்டு பாக்டீரியாக்கள் அழுக்கைச் சிதைக்கும்.

எரிவாயுவைப் பாசித்தொட்டிக்குள் நேரே செலுத்தலாகாது. பிராணவாயு அதனுடன் கலந்தால் வெடிக்கும் அபாயம் உண்டு. தனிக்குழாயில் தொட்டிநீரால் வாயுவைக் கழுவி, அந்நீரை மீண்டும் தொட்டியில் விடுதல் நன்று. கரியமிலவாயு பாசிக்கு உணவாகும். கழுவிய வாயு முன்னிலும் நன்றாக எரியும்.

இறுதியில் பாசியை வடித்தெடுத்தல் அவசியம். வடிக்காத நீர் குளம் சேர்ந்தால், பாசி அழுகிப் பழைய கேடே திரும்பும்.