ஜெயிக்கிற ஆட்டத்தைக் கோட்டை விடாமலிருக்க...

செஸ் நட்சத்திரங்கள் பிரக்ஞானந்தா, வைஷாலியின் ஊரான பாடியும், குகேஷ் படித்த மேல் அயனம்பாக்கம் வேலம்மாள் பள்ளியும் நமக்குக் கூப்பிடு தூரம்தான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் ஞாயிறானால் செஸ் போட்டிக்குக் கிளம்பும் பிள்ளைகள் ஏராளம். திணறும்போது விழிப்பாக இருக்கும் பிள்ளை, ஒரு காய் கூடுதலாகக் கிடைத்ததும் அசந்துவிடும். கவனம் கலையாமலிருக்கப் பெற்றோருக்குச் சில குறிப்புகள்:

1. இரண்டு பேனா, தண்ணீர் பாட்டில், ஏ.சி. ஹாலுக்கு ஒரு ஸ்வெட்டர் என்று பையை முதல் நாள் இரவே கட்டிவிடுங்கள். காலையில் தேடல், திட்டு எதுவும் வேண்டாம்.

2. ஞாயிறன்று மின்சார ரயில்கள் குறைவு. பஸ் என்றால் சி.டி.எச். ரோடு நெரிசலையும் கணக்கில் வையுங்கள். அரைமணி முன்னதாகப் போய்ச் சேர்வது நல்லது.

3. வீட்டில் வழக்கமாகச் சாப்பிடுவதையே கொடுங்கள். பிரக்ஞானந்தாவின் அம்மா நாகலட்சுமி வெளிநாட்டுப் போட்டிகளுக்கும் ரைஸ் குக்கரோடு போய் ரசம் சாதம் செய்து கொடுத்தவர். மதிய ரவுண்டுக்கு முன் பிரியாணி வேண்டவே வேண்டாம்.

4. யாரோடு யார் ஆடுவது என்ற பேரிங் பட்டியலைப் பார்த்துவிட்டு, “ரேட்டிங்கே இல்லாத பையன், ஈஸிதான்” என்று சொல்லி அனுப்பாதீர்கள். அலட்சியம் அங்கேதான் தொடங்குகிறது.

5. போர்டில் உட்கார்ந்ததும் ஒரு நிமிடம் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கப் பழக்குங்கள். குகேஷ் ஆட்டத்துக்கு முன் இப்படிக் கண்மூடி உட்காருவதைப் பார்த்திருப்பீர்கள்.

6. எதிராளி ஆடியதும் முதலில் அதை நோட்டேஷன் தாளில் எழுதட்டும், பிறகு யோசிக்கட்டும். யோசித்து முடிக்கும்வரை கை மேஜைக்குக் கீழேயே இருக்கட்டும். தொட்ட காயை ஆடியே தீர வேண்டும் என்பது விதி.

7. நல்ல நகர்த்தல் கண்ணில் பட்டால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சரிபார்க்க வேண்டும். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் போட்டியின் 14-வது ஆட்டம். 55-வது நகர்த்தலில் குகேஷின் எதிராளி டிங் லிரன் ரூக்கைத் தப்பான கட்டத்தில் வைத்தார். குகேஷ் பாயவில்லை, தண்ணீர் குடித்துத் தன்னை நிதானப்படுத்திக்கொண்டுதான் காயைத் தொட்டார். 18 வயதில் உலக சாம்பியன் ஆனார்.

8. ஜெயிக்கும் நிலையில் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இரண்டு: “அவன் என்ன பண்ணப் பார்க்கிறான்? நான் ஆடினால் அவன் ராஜாவுக்கு நகர இடம் இருக்கிறதா?” செக்கும் இல்லாமல், ஆட வேறு வழியும் இல்லாமல் போனால் ஸ்டேல்மேட். குயின் கூடுதலாக இருந்தாலும் டிராதான்.

9. கடிகாரத்தில் நிறைய நேரம் மிச்சம் வைத்து ஜெயிப்பதற்குத் தனிப் பரிசு கிடையாது. எதிராளி சட்டுப்புட்டென்று ஆடினாலும் நம் பிள்ளை தன் வேகத்திலேயே ஆடட்டும்.

10. ரவுண்டுகளுக்கு நடுவே மொபைல் கேம் வேண்டாம். போன ஆட்டத்தை அலசவும் வேண்டாம். கொஞ்சம் நடந்துவிட்டு வரட்டும்.

11. ஆட்டம் முடிந்ததும் காய்களைத் திரும்ப அடுக்கிவிட்டு எழச் சொல்லுங்கள். உலக சாம்பியன் ஆன கையோடு குகேஷும் அதைத்தான் செய்தார்.

12. நோட்டேஷன் தாள்களைத் தேதி போட்டு ஃபைல் செய்யுங்கள். கவனம் சிதறிய நகர்த்தலைச் சிவப்பில் வட்டமிடச் சொல்லுங்கள். பசி வேளையிலா, காய் கூடுதலாகக் கிடைத்த உடனேயா என்பது சில போட்டிகளிலேயே பிடிபட்டுவிடும். அடுத்த ஞாயிறு எதைத் திருத்துவது என்பதை அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்; கோப்பையைப் பார்த்து அல்ல.