தலைப்பைச் சுருக்கு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

முனைவர் பட்டத்துக்கு ‘மொழியும் அறிவும்’ என்று தலைப்பு எடுத்திருக்கிறாயாமே, உன் அப்பா சொன்னார். அதில் பத்துப் பேர் ஆயுசு முழுக்க வேலை பார்க்கலாம். சுருக்கு.

தத்துவ அறிஞர் பிமல் கிருஷ்ண மதிலாலைப் பார். கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பண்டிதர்களிடம் நியாயத் தருக்கம் கற்றவர். பிறகுதான் ஹார்வர்டு போனார். அங்கே தத்துவ அறிஞர் குவைனிடமும் படித்து 1965இல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆய்வு எதைப் பற்றி? ‘தரையில் குடம் இல்லை’ என்கிறோமே, அந்த இன்மைக்கு நவ்ய நியாயம் என்ற பிற்கால நியாயப் பள்ளி தந்த விளக்கத்தைப் பற்றி. அவ்வளவுதான். அப்படிச் சுருக்கியவர்தான் பிறகு 1991இல் இறக்கும்வரை ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக இருந்தார்.

உனக்கு நம் ஊரிலேயே சரக்கு இருக்கிறது. பௌத்தத் தருக்க அறிஞர் திக்நாகர் காஞ்சிப் பக்கத்தவர் என்பது பழைய வழக்கு. மணிமேகலைக்கு அறவண அடிகள் அளவை, அதாவது அறிவுக்கான வழி, சொல்லித்தருவதும் காஞ்சியில்தான், 29ஆம் காதை. கதைக்காகப் படிப்பவர்கள் தாண்டிவிடும் பகுதி. தவறான ஏதுக்களை, அதாவது போலிக் காரணங்களை, அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என்று அங்கே அடிகள் பிரிக்கிறார்.

அநைகாந்திகத்துக்கு நம் ஊர் உதாரணம்: பட்டுப்புடவைக் கடைக்காரர் ஜரிகையைச் சுரண்டி, “உள்ளே சிவப்பு தெரியுது பாருங்க, அசல்” என்பார். அசலில் சிவப்புப் பட்டிழைமேல் வெள்ளி சுற்றித் தங்கமுலாம் பூசியிருக்கும், வாஸ்தவம். செம்புக் கம்பியையும் சிவப்பு நூல்மேல் சுற்றலாமே! அசலுக்கும் போலிக்கும் பொதுவாகிவிட்ட அடையாளம் எதையும் நிறுவாது. அநைகாந்திகத்தில் ஒரு வகை இதுதான்.

சரி, சுரண்டாமல் கடைக்காரர் வாக்கை நம்பியே புடவை எடுக்கிறவள்? அவர் நாணயஸ்தர், அதனால் சொன்னது உண்மை என்று ஊகிக்கிறாளா, கேட்டதுமே அறிகிறாளா? திக்நாகருக்குக் காண்டல், கருதல் இரண்டே அளவை. சொல் கருதலுக்குள் அடக்கம். நியாயக்காரர்கள் சொல்லைத் தனி அளவையாகவே நிறுத்தினார்கள். இந்த ஒரு வழக்கை எடுத்துக்கொள். இதையெல்லாம் நம்மவர்கள் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள் என்று மார்தட்ட மட்டும் வேண்டாம். யார் வாதம் எங்கே உடைகிறது என்று காட்டு.

சமஸ்கிருதத்தைத் தட்டிக்கழிக்காதே. அந்த 29ஆம் காதையில் உள்ள போலிக் காரணங்களின் பட்டியல் சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசத்தை ஒட்டியது. இரண்டையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படிக்க வேண்டும், அதுவும் ஆசிரியர் ஒருவரோடு.

வேலை கிடைக்குமா என்று அண்ணி கவலைப்படுவது நியாயம்தான். தத்துவத் துறை உள்ள கல்லூரிகள் நம் பக்கம் குறைவு. நெட் எழுது. ஜேஆர்எஃப் உதவித்தொகை வந்தால் சேர். கைக்காசைப் போட்டுச் சேராதே.

அன்புடன்,
சித்தப்பா