நைஸாக அரைத்தும் அடர்த்தி குறைவது ஏன்?

கேள்வி: லண்டனில் ஒரு வீட்டில் 30 லிட்டர் ஆல்-இன்-ஒன் இயந்திரத்தில் பேல் ஏல் தயாராகிறது. 5 கிலோ பேல் மால்ட், காஸ்கேட் ஹாப்ஸ், உலர் ஈஸ்ட், குழாய்த் தண்ணீர். 23 லிட்டருக்குத் தொடக்க அடர்த்தி 1.049 வரவேண்டும், முதல் முறை 1.042தான் வந்தது. மால்ட்டை இன்னும் நைஸாக அரைத்தபோது 1.040க்கு இறங்கிவிட்டது. முடிவு அடர்த்தி 1.010. பீர் நாக்கில் துவர்க்கிறது. பாத்திரத்தின் அடியில் கருகல் படிகிறது. பாட்டிலில் அடைத்த மூன்றாவது வாரமே ஹாப்ஸ் மணம் போய், நிறமும் பழுப்பேறுகிறது. கோளாறு ஈஸ்ட்டிலா, இயந்திரத்திலா?

பதில்: ஆல்-இன்-ஒன் இயந்திரம் என்பது அடியில் ஹீட்டரும் பம்ப்பும் பொருத்திய எவர்சில்வர் பாத்திரம். அதனுள் சல்லடை அடி கொண்ட ஒரு கூடை இறங்கும். உடைத்த மால்ட் அந்தக் கூடையில் வெந்நீரில் ஊறும்போது (இந்த ஊறலுக்கு மேஷ் என்று பெயர்), அதிலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. அடியில் சேரும் இனிப்பு நீருக்கு வோர்ட் என்று பெயர். பம்ப் அதை மேலே ஏற்றி மால்ட் மீது ஊற்ற, அது மால்ட் படுகையின் ஊடாக மறுபடி கீழே வருகிறது. ஒரு மணி நேரம் இப்படிச் சுற்றவிட்டு, கூடையைத் தூக்கி வடித்து, மால்ட்டை வெந்நீரால் அலசி, பிறகு அதே பாத்திரத்தில் வோர்ட்டை ஹாப்ஸுடன் கொதிக்க வைப்பது வழக்கம். வோர்ட் உண்மையிலேயே மால்ட்டின் ஊடாகத்தான் வருகிறதா என்பதை இயந்திரத்தின் திரை காட்டாது. மேலே சொன்ன குறைகளில் பாதி அந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

பிரிட்டனில் வீட்டில் பீர் தயாரிக்க உரிமம் வேண்டும் என்ற விதி 1963இல் நீக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது இன்றும் குற்றம். ஆகவே இங்கே சொல்லப்படுவது, சட்டம் இடம் தரும் நாடுகளில் இருப்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

ஈஸ்ட் மீது பழி இல்லை. 1.040இல் தொடங்கி 1.010இல் முடிந்திருப்பதால், வோர்ட்டின் அடர்த்திப் புள்ளிகளில் முக்கால் பங்கை ஈஸ்ட் இறக்கிவிட்டது என்று பொருள். பேல் ஏலுக்கு அது சரியான கணக்கு. முடிவு அடர்த்தி 1.018, 1.020 என்று நின்றிருந்தால்தான் ஈஸ்ட்டையோ, அளவுக்கு மீறிச் சூடான மேஷையோ சந்தேகிக்க வேண்டும். எனவே குறை ஈஸ்ட் போடுவதற்கு முன்பே நேர்ந்தது.

அடுத்து அளவை. ஒரு கிலோ பேல் மால்ட்டிலிருந்து அதிகபட்சம் ஏறத்தாழ 300 லிட்டர்-டிகிரி கிடைக்கும். அதாவது அந்தச் சர்க்கரை முழுவதும் ஒரு லிட்டரில் கரைந்தால் அடர்த்தி 1.300 ஆகும். 5 கிலோவுக்கு 1500. அதில் 75 சதவீதம் கைக்கு வந்தால் (இந்தச் சதவீதமே திறன்) 1125. அதை 23ஆல் வகுத்தால் 49, அதாவது 1.049. இந்த வாசகருக்குக் கிடைத்த 40ஐ 23ஆல் பெருக்கினால் 920. திறன் 61 சதவீதம். ஆனால் பாத்திரத்தில் உண்மையில் 25 லிட்டர் இருந்திருந்தால் 40 பெருக்கல் 25, ஆயிரம். திறன் 67 சதவீதம். அப்படியானால் நஷ்டத்தில் ஒரு பங்கு வெறும் நீர்ப்புதான். குளிர்காலத்தில் கராஜில் வைத்துக் கொதிக்கவிடும்போது ஆவியாதல் குறைந்து, ஒன்றிரண்டு லிட்டர் மிஞ்சுவது சாதாரணம். பாத்திரத்தின் உட்புறக் கோடுகளை நம்பாமல், அளவுகோப்பையால் ஒருமுறை நீர் ஊற்றிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. ஹைட்ரோமீட்டரும் 20 டிகிரியில்தான் சரியாகக் காட்டும். 30 டிகிரி வோர்ட்டில் அது 0.002 முதல் 0.003 வரை குறைத்துக் காட்டும். 60 டிகிரியில் காட்டும் எண்ணைக் கணக்கில் எடுக்கவே கூடாது.

இவற்றைக் கழித்த பிறகும் மிஞ்சும் குறைக்கு அரைவையே முதல் காரணம். மால்ட்டை நைஸாக அரைத்தால் சர்க்கரை கூடுதலாக இறங்கும் என்பது பொதுவாக உண்மை. துணிப்பையில் ஊறவைத்துப் பிழியும் முறைக்கு அது பொருந்தும். பம்ப் சுற்றும் இயந்திரத்தில் பொருந்தாது. இங்கே உமிதான் வடிகட்டி. உமி சிதைந்தால் மாவு களியாகிச் சல்லடையை அடைக்கிறது, படுகை இறுகுகிறது. மேலே ஊற்றப்படும் வோர்ட் இறங்க வழியின்றித் தேங்கி, கூடையின் நடுவிலுள்ள வழிகுழாய்க்குள் புகுந்து, மால்ட்டைத் தொடாமலே அடிக்குப் போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஓடுவதாகத் தெரியும். உள்ளே ஒரே தண்ணீர் பம்ப்புக்கும் குழாய்க்கும் இடையே சுற்றிக்கொண்டிருக்கும். படுகையின் நடுவே சர்க்கரை அப்படியே நிற்கும். அரைவையை நைஸாக்கியதும் 1.042 என்பது 1.040 ஆனதன் விளக்கம் இதுவே.

சரியான அரைவையைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். உமி பிளந்திருக்கும், ஆனால் ஏறக்குறைய முழுதாக இருக்கும்; உள்ளிருக்கும் பருப்பு நான்கைந்து குருணையாக உடைந்திருக்கும்; விரலில் ஒட்டும் மாவு கொஞ்சமே இருக்கும். உருளை அரைவை இயந்திரத்தில் இடைவெளியை 1.0 முதல் 1.2 மில்லிமீட்டருக்குள் வைத்தால் இது கிடைக்கும். மிக்ஸி இதற்கு உதவாது. அது உமியையும் தூளாக்கிவிடும். படுகை இறுகும் பழக்கம் தொடர்ந்தால் மால்ட்டுடன் நெல் உமி கலக்கலாம். நெல் வயலைப் பார்த்திராத வீட்டு பீர்த் தயாரிப்பாளர்களும் கடைகளில் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் அது. 5 கிலோவுக்கு 250 கிராம் போதும். நன்றாக அலசிவிட்டுச் சேர்த்தால் சுவையில் எந்த மாற்றமும் இராது.

ஊறவைக்கும் முறையிலும் பொறுமை வேண்டும். 30 லிட்டர் இயந்திரங்களில் கூடைக்கு அடியில் சுமார் மூன்றரை லிட்டர் நீர் மால்ட்டைத் தொடாமல் நிற்கும். அதையும் சேர்த்து 5 கிலோவுக்கு 17 லிட்டர் நீர் வைக்கலாம். அலச 15 லிட்டர். மால்ட்டைச் சிறிது சிறிதாகக் கொட்டி, கட்டி தட்டாமல் அடிவரை கிளற வேண்டும். பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் அசையாமல் விட்டுவிட்டே பம்ப்பைப் போட வேண்டும். பம்ப்பை முழுதாகத் திறந்துவிடுவதுதான் மிகப் பரவலான தவறு. வால்வைத் திருகிக் குறைத்து, வழிகுழாயில் ஒரு சிறு கசிவு மட்டும் இருக்கும்படி ஓட்டத்தை அமைக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பம்ப்பை நிறுத்திப் படுகையைக் கிளறிவிட்டால் திறன் கண்கூடாக உயரும்.

வெப்பமானி அடியில் இருப்பதால், திரையில் 66 என்று நிற்கும்போது படுகையின் நடுவே இரண்டு முதல் நான்கு டிகிரி குறைவாக இருக்கலாம். நீண்ட முனை கொண்ட சமையல் வெப்பமானியை மால்ட்டின் நடுவில் குத்திப் பார்ப்பதே நம்பகமான வழி. கராஜில் 10 டிகிரிக்குக் குளிர்ந்து கிடந்த மால்ட்டைக் கொட்டுவதானால், 66இல் நிலைக்கத் தண்ணீரை 72க்கு மேல் சூடாக்கியிருக்க வேண்டும். மாவுச்சத்து முழுதும் மாறிவிட்டதா என்பதைப் பள்ளி ஆய்வகத்து அயோடின் சோதனையே சொல்லிவிடும்: வெள்ளைத் தட்டில் தெளிந்த வோர்ட் ஒரு சொட்டு, அதன்மேல் அயோடின் ஒரு சொட்டு. கருநீலமாக மாறினால் இன்னும் ஊறவேண்டும். சோதித்த சொட்டைப் பாத்திரத்தில் திருப்பி ஊற்றக் கூடாது.

துவர்ப்புக்கும் திறன் குறைவின் ஒரு பகுதிக்கும் லண்டன் தண்ணீர் பொறுப்பு. சுண்ணாம்புப் பாறை வழியே வரும் கடின நீர் அது; காரத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டும். கரிய வறுவல் மால்ட்டின் அமிலம் அந்தக் காரத்தை ஈடுகட்டும். போர்ட்டர், ஸ்டவுட் வகைகள் லண்டனில் செழித்ததற்கு அது துணைசெய்தது. வெளிர் மால்ட்டுக்கு அந்த அமிலம் இல்லை. பேல் ஏலுக்குப் பேர்போன பர்ட்டன்-ஆன்-டிரென்ட் நகரின் கிணற்று நீரில் ஜிப்சம் மிகுதி. அந்தத் தண்ணீருக்காகவே ரோம்ஃபோர்டின் இண்ட் கூப் நிறுவனம் 1856இலும், லண்டனின் ட்ரூமன் நிறுவனம் 1873இலும் பர்ட்டனில் ஆலை வைத்தன. இந்தியாவுக்குக் கப்பலேறிய பேல் ஏலிலும் பெரும்பங்கு 1820களுக்குப் பின் பர்ட்டனிலிருந்தே போனது.

மேஷின் பி.எச். 5.2க்கும் 5.5க்கும் இடையில் இருந்தால் நொதிகள் நன்றாக வேலை செய்யும். லண்டன் குழாய் நீரை அப்படியே ஊற்றினால் அது 5.8ஐயும் தாண்டிவிடும். அலசும் நீரில் நிலைமை இன்னும் மோசம்: பி.எச். 6ஐத் தாண்டி, வெப்பம் 77 டிகிரிக்கு மேல் போனால் உமியிலுள்ள டானின் இறங்கிவிடுகிறது. நெடுநேரம் கொதித்த டீயின் துவர்ப்பும் இதே டானின் செய்வதுதான். மொத்தம் 32 லிட்டரில் பாதியை ஆர்.ஓ. நீராக மாற்றி, 80 சதவீத லாக்டிக் அமிலம் சுமார் 5 மில்லியை ஊறவைக்கும் நீருக்கும் அலசும் நீருக்கும் பங்கிட்டு ஊற்றி, 6 கிராம் ஜிப்சம் சேர்த்தால் பேல் ஏலுக்கு ஏற்ற நீர் கிடைக்கும். ஆர்.ஓ. கலக்காமல் அமிலத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் புளிப்பு நாக்கில் தெரியத் தொடங்கும். மேஷ் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து எடுத்த மாதிரியை ஆறவைத்துத்தான் பி.எச். பார்க்க வேண்டும். குழாய் நீரிலுள்ள குளோரினையும் குளோரமினையும் முறிக்க அரை கேம்டன் மாத்திரை போதும். அதை விட்டால் பீரில் மருந்து வாடை வரலாம்.

அடியில் கருகுவதும் நைஸான அரைவையின் விளைவே. சல்லடை தாண்டி இறங்கும் மாவு ஹீட்டருக்கு மேலே படிந்து தீய்கிறது. மேஷ் நேரத்தில் 500 வாட் ஹீட்டரை மட்டும் போட்டால் போதும். பெரிய ஹீட்டர் கூடையைத் தூக்கிய பிறகு. கொதிக்கு ஏற்றும் முன் நீண்ட கரண்டியால் அடியை வழித்துவிட வேண்டும். 28 லிட்டரை 66 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 2000 வாட்டில் அரை மணிக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுவதும் அவ்வப்போது வழிப்பது நல்லது. கருகல் தடிமனானால் வெப்பம் மேலேறாமல் பாதுகாப்புச் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பிளக்கைப் பிடுங்கி, அடியைச் சுரண்டிய பிறகே அந்தச் சுவிட்சை மீண்டும் அழுத்த வேண்டும். கொதிக்கும்போது மூடி திறந்தே இருக்கட்டும். வெளிர் மால்ட்டிலிருந்து எழும் கந்தக வாடை ஆவியோடு வெளியேற வேண்டும். மூடினால் வெந்த சோள மணமாக பீரில் தங்கிவிடும்.

மணம் போவதும் நிறம் பழுப்பேறுவதும் தனிக் கதை. நொதித்தல் முடிந்த பீரில் காற்று கலந்து ஆக்சிஜனேற்றம் நடந்திருக்கிறது. கொதிக்கவிடாமல் மணத்துக்காகவே பீரில் சேர்க்கும் உலர் ஹாப்ஸைப் போட மூடியைத் திறக்கும் நேரமும், பாட்டிலில் அடைக்கும் நேரமும்தான் காற்று புகும் வழிகள். நொதித்தல் முற்றிலும் ஓய்வதற்குச் சற்று முன்பே, அடர்த்தி இன்னும் இரண்டு மூன்று புள்ளி இறங்க வேண்டிய நிலையில் ஹாப்ஸைப் போட்டுவிட்டால், புகுந்த ஆக்சிஜனை ஈஸ்ட்டே உறிஞ்சிக்கொள்ளும். இன்னொரு கலத்துக்கு மாற்றித் தெளியவைக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடலாம். பாட்டிலின் அடியைத் தொடும் குழாயால், நுரைக்காமல் கீழிருந்து நிரப்ப வேண்டும். கழுத்தில் காலி இடம் குறைவாக இருக்கட்டும்.

உலர் ஹாப்ஸிலும் நொதிகள் உண்டு. ஈஸ்ட் தொடாமல் விட்ட சர்க்கரைகளை அவை உடைத்து, நின்றுபோன நொதித்தலை மறுபடி தொடங்கிவைக்கும். அந்த நிலையில் பாட்டிலில் அடைத்தால் அழுத்தம் ஏறிப் பாட்டில் வெடிக்கவும் கூடும். ஹாப்ஸ் போட்ட பிறகு அடர்த்தி தொடர்ந்து மூன்று நாள் 1.010 அருகே மாறாமல் நின்றால்தான் அடைக்கலாம். லிட்டருக்கு 5 முதல் 6 கிராம் சர்க்கரை சேர்த்து, இரண்டு வாரம் 20 டிகிரியில் வைத்துவிட்டு, பிறகு முழுவதையும் ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிட வேண்டும். அறை வெப்பத்தில் கிடக்கும் ஒவ்வொரு வாரமும் காஸ்கேட்டின் எலுமிச்சை மணத்தைக் குறைத்துக்கொண்டே போகும்.