உயர் உலோகச் சிக்கனத்துக்கு ஒரு பிளாஸ்மா வழி

உர ஆலைகளிலும், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலும், மோட்டார் வாகனப் புகைக்குழாய்களிலும் வேதிவினைகளை விரைவுபடுத்துவன வினையூக்கிகளாகும். இவற்றுள் பலவற்றுக்குத் தேவையான பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவற்றுக்கு இந்தியா பெரும்பாலும் இறக்குமதியையே நம்பியுள்ளது. 2020 ஏப்ரல் 1 முதல் வாகனங்களுக்குப் பாரத் நிலை 6 மாசு வரம்புகள் நடைமுறைக்கு வந்தன. 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் பிளாட்டினத் தொகுதி உலோகங்களும் இடம் பெற்றன. எனவே, குறைந்த உலோகத்தால் மிகுந்த பயன் பெறுவது அந்நியச் செலாவணியைச் சேமிக்கும் வழியுமாகும்.

துகளின் அளவு

வினை நிகழ்வது உலோகத்தின் மேற்பரப்பில் மட்டுமே. உட்புறத்து அணுக்கள் முடங்கிய மூலதனம் போன்றவை. 10 நானோமீட்டர் விட்டமுள்ள துகளில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அணுக்களே மேற்பரப்பில் இருக்கும். 2 நானோமீட்டர் துகளில் அது பாதியளவுக்கு உயர்கிறது. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்காகும். இத்தகைய நுண்துகள்களை அலுமினா, சிலிக்கா போன்ற ஆக்சைடுகளின் மீது பரப்பி நிறுத்துகின்றனர்.

வழக்கமான முறை

ஆக்சைடுப் பொடியை உலோக உப்புக் கரைசலில் ஊறவைத்து, உலர்த்தி, சூளையிலிட்டு, பின்னர் ஹைட்ரஜனில் சூடாக்கி உலோகமாக ஒடுக்குவது வழக்கம். பல நூறு டிகிரி வெப்பத்தில் துகள்கள் இடம்பெயர்ந்து, ஒன்றுசேர்ந்து, பருத்து விடுவதுண்டு.

பிளாஸ்மா முறை

வாயுவில் மின்னிறக்கம் நிகழ்த்தினால் எலெக்ட்ரான்களும் அயனிகளும் பிரிந்து பிளாஸ்மா உண்டாகிறது. குளிர் பிளாஸ்மாவில் எலெக்ட்ரான்களின் வெப்பநிலை பத்தாயிரம் டிகிரிக்கும் மேல். வாயுவோ அறை வெப்பநிலையை ஒட்டியே இருக்கக்கூடும். ஆர்கான் வாயுவில் ஊறவைத்த பொடியை வைத்து மின்னிறக்கம் செய்தால், எலெக்ட்ரான்களே பிளாட்டினம், பல்லேடியம் போன்றவற்றின் அயனிகளை ஒடுக்கிவிடுகின்றன. ஹைட்ரஜனும் தேவையில்லை, சூளையும் தேவையில்லை. துகள்களும் பருப்பதில்லை. சீனாவில் தியான்ஜின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இம்முறையில் விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

வரம்புகள்

எளிதில் ஒடுங்காத நிக்கல் போன்ற உலோகங்களுக்கு ஹைட்ரஜன் கலந்த பிளாஸ்மா வேண்டும். ஆக்சைடின் ஆழ்ந்த நுண்துளைகளுக்குள் பிளாஸ்மா எளிதில் புகாது. ஆய்வுக்கூடத்தில் சில கிராம் பொடிக்குப் பயன்படும் வெற்றிடக் கலத்தை ஆலை அளவுக்கு விரிவுபடுத்துவதும் எளிதன்று. மேலும், குளிரில் உருவான நுண்துகள், வாகனப் புகையின் கடும் வெப்பத்தில் பின்னர் பருக்கக்கூடும். எனவே, குறைந்த வெப்பத்தில் நிகழும் வினைகளே இம்முறைக்கு முதற்களமாக அமையும்.

திட்டமிடுவோர் கருத வேண்டியது

காந்திநகரிலுள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் போன்ற அமைப்புகளின் அனுபவம் இத்துறையில் கைகொடுக்கும். ஆனால், துகளின் நுண்மையை மட்டும் கொண்டு முறையின் வெற்றியை அளத்தல் தகாது. ஒரு கிராம் உலோகம் தன் ஆயுட்காலம் முழுவதும் தரும் விளைபொருளின் அளவு, செலவாகும் மின்சாரம், பயன் தீர்ந்தபின் மீட்கப்படும் உலோகம் ஆகிய மூன்றையும் ஒருங்கே கணக்கிட்டுப் பார்த்தலே முறையான மதிப்பீடாகும்.